முப்பத்தேழு டிகிரியில் ஐந்து போசிகள்

ஆய்வகத் தெர்மாமீட்டரைக் காய்ச்சல் தெர்மாமீட்டர் போல உதறியவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா உதறுவதைப் பார்த்திருந்த தைரியத்தில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினேன். மேசை விளிம்பில் பட்டுக் கண்ணாடி இரண்டாயிற்று. பாதரசம் தரையெல்லாம் வெள்ளி உருண்டைகளாக ஓடியது. ஒன்றைத் தொட்டால் நான்காகிறது, நான்கைத் தள்ளினால் ஒன்றாகிறது. அந்த அழகில் மயங்கி, உடைத்ததையே மறந்து, மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு என் மூக்கருகே வந்து நின்றது.

"தொடாதீங்க. வெளிய வாங்க," என்றது செருப்பு.

ரெஜினா மேடம் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். அன்றைக்கு அவர் இளம் விரிவுரையாளர். பிற்பாடு எங்கள் உயிர்வேதியியல் துறைக்கே தலைவர். நான் அன்றைக்கும் ஆய்வக உதவியாளர், ஓய்வு பெற்ற அன்றைக்கும் ஆய்வக உதவியாளர். பெயர் மாதையன். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நான் செய்த காரியத்துக்குக் கல்லூரி ஏன் தலைகுனிய வேண்டும்?

போன மாதம் துறைக்குப் புதிய வாட்டர் பாத் வந்திருக்கிறதாம். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் இது தன் சூட்டைத் தானே அளந்து கம்ப்யூட்டருக்கு எழுதி அனுப்பிவிடுமாம். பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியதில்லை. இப்போது என் இடத்தில் இருக்கும் பிள்ளைகள் போன் போட்டார்கள். "அண்ணா, பழைய தொட்டி பக்கத்துல இத்தன வருஷம் உக்காந்துக்கிட்டு என்னதான் பண்ணீங்க? துறை மலருக்கு எழுதிக் குடுங்க." கேள்வியில் குறும்பு இருந்தது; நியாயமும் இருந்தது. அதற்குத்தான் இந்தப் பதில்.

வேலை கற்றுக்கொண்ட கதையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கண்ணாடிக் குடுவை கழுவினேன். உடைத்தேன். கழுவினேன். குறைவாக உடைத்தேன். மூன்று வருடம் ஓடியது. அதற்குள் உப்புக் கரைசல் கலக்கவும், தராசில் மூச்சு படாமல் நிறுக்கவும், எது கொதிக்கிறது, எது கொதிப்பது போல நடிக்கிறது என்று பிரித்தறியவும் பழகிவிட்டேன். தெர்மாமீட்டரை உதறவில்லை.

மேடத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கைப்பையில் கைக்குட்டை சுற்றிய சொந்தத் தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். ஆய்வகத்து நோட்டில் எல்லோரும் பேனாவால்தான் எழுத வேண்டும். எங்கள் துறையில் அழிரப்பர் வைத்திருப்பது சட்டைப்பையில் பீடிக்கட்டு வைத்திருப்பதற்குச் சமம். தப்பாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் தப்பு படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் காரணமும் கையெழுத்தும். அவரிடம் எதைச் சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்து ஒன்று கேட்பார்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"மேடம், தண்ணி முப்பத்தேழுல நிக்குதுங்க."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"மேடம், மழை வரும்போல இருக்குதுங்க."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும் அதையே கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, பொண்ணு பேரை மட்டும் படித்துவிட்டுச் சிரித்தார்.

எங்கள் துறையின் ஆராய்ச்சி சிறுநீரகத்தைப் பற்றியது. ரத்தத்தை வடிகட்டும்போது கழிவோடு சேர்ந்து நல்ல சத்தும் வெளியே போய்விடும். சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம்தான். சிறுநீரகத்தின் செல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. செல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு வழியாகத்தான் இழுக்க வேண்டும். சூடு ஏறினால், இறங்கினால் அந்த இழுவை எவ்வளவு மாறுகிறது? இதுதான் கேள்வி. இதற்கு எங்களுக்குத் தினமும் ஆட்டுச் சிறுநீரகம் இரண்டு வேண்டும். அதை வாங்கிவரும் பெரும் பொறுப்பு என்னிடம்.

சந்தைப் பக்கம் கோவிந்தன் என்பவர் கறிக்கடை வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், ஆடு விழுந்த ஐந்தாவது நிமிஷம் சூட்டோடு கைக்கு வரும்.

"ரெண்டு குண்டிக்காய் குடுங்க."

"கறி எவ்ளோங்க?"

"கறி வேணாம். குண்டிக்காய் மட்டும்."

ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்தார். பத்தாம் நாள் கத்தியைக் கட்டையில் ஊன்றினார்.

"ஏன் சார், கேக்கறன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வூட்ல யாருக்காச்சும் இடுப்பு வலிங்களா?"

"இல்லைங்க, காலேஜுக்கு. ஆராய்ச்சி. குளுருல இது நல்லா சாப்பிடுதா, சூட்டுல நல்லா சாப்பிடுதான்னு பாக்கறோம்."

கோவிந்தன் கையில் இருந்ததை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "சார், நாமதான் அத சாப்பிடணும். அது எங்க சாப்பிடப் போவுது?"

அன்று முதல் அந்தக் கடையில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பைத்தியத்துக்கு முதலில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற மரியாதை.

வாங்கியதும் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்த உப்புக் கரைசலில் போட வேண்டும். பனிக்கட்டி நேராகப் படக் கூடாது. பட்டால் செல் வெடித்துவிடும். பிளாஸ்க்கை மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். குளிர் செல்லைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இரண்டு தூக்கங்களை வைத்துக்கொண்டு போவேன். வெளியே வயல்களின்மேல் பனி படுத்திருக்கும். மலை பாதி இருக்கும், பாதி இருக்காது. பஸ் குலுங்கும்போதெல்லாம் பிளாஸ்க்கை அணைத்துப் பிடிப்பேன். எழுந்துவிடக் கூடாதே!

ஆய்வகத்தில் ஈரக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, சவரப் பிளேடால் வெளிப்பக்கத்தைச் சீவுவார்கள். அரை மில்லிமீட்டர் கனம். சீவல் குளிர்ந்த நீரில் மிதக்கும்போது வெளிச்சம் அதனூடே வரும். மழைக்குப் பின் வந்த கொழுந்து போலச் செம்பழுப்பாக, அப்படி ஒரு மென்மை. பிறகு அமினோ அமிலம் கலந்த கரைசலில் அவற்றைப் போட்டு, குடுவைகளைத் தொட்டியில் வைத்து, ஆக்ஸிஜனை விட்டு, அரைமணி நேரம் ஆட்டுவோம். தொட்டி தானே ஆடும். இடம், வலம், இடம், வலம். முப்பத்தேழு டிகிரி என்பது உடம்புச் சூடு. சீவல் தூக்கம் கலைந்து, ஆட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று நம்பிச் சாப்பிட ஆரம்பிக்கும். அரைமணி கழித்து எடுத்து, வடிதாளில் ஒத்தி, நிறுத்து, வெந்நீரில் கொதிக்க விட்டு, சாற்றில் ஒரு மருந்து விட்டுச் சூடாக்கினால் ஊதா நிறம் வரும். நிறையச் சாப்பிட்டிருந்தால் கத்தரிப்பூப் போல அடர்ந்த ஊதா. குறைவாகச் சாப்பிட்டிருந்தால் வெளுத்த ஊதா.

சூட்டுக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு எனக்குப் புரிந்தது மாரண்டஹள்ளி பஸ்ஸில். சூடான பகல் நேரத்தில் கண்டக்டர் படியில் நின்று, "பாலக்கோடு, பாலக்கோடு, ஏறு ஏறு, உள்ள போங்க சாமி" என்று, ஏற்கெனவே நிரம்பிய வண்டிக்குள் இன்னும் பத்துப் பேரைத் தள்ளி ஏற்றுவார். மார்கழிக் காலையில் அதே கண்டக்டர் மப்ளருக்குள் கழுத்தைப் புதைத்து இருக்கையில் சுருண்டிருப்பார். தானாக ஏறுகிறவன் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். செல்லின் சவ்வில் இருப்பவர்களும் அப்படித்தான். முப்பத்தேழில் நெரிசலுக்குள்ளும் சத்தைத் தள்ளி ஏற்றுவார்கள். நான்கு டிகிரியில் மப்ளர். நாற்பத்தைந்துக்குமேல் கண்டக்டரே மயங்கி விழுந்து, வண்டிக் கதவும் கழன்றுவிடும். மேடத்திடம் இதைச் சொன்னேன். தலை சாய்ந்தது. நான் அவசரமாக, "பாத்தேங்க மேடம். நேத்து அந்த பஸ்லதான் வந்தேன்" என்றேன்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தது. வெண்ணிலா என்ற ஆய்வு மாணவி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி போடுகிற குடும்பம், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். கெடு முடியப் போகிறது. மூன்று வாரத்தில் ஆய்வுக் குழு கூடும்; அதற்குள் கணக்கு நேராகவில்லை என்றால் பதிவு ரத்தாகி, அத்தனை வருடமும் வீண். அவளுக்கு ஒரு கணக்கு நேராகவே இல்லை.

தினமும் இரண்டு சுற்று. ஒன்பது மணிக்கு முதல் சுற்று, பதினொன்றுக்கு இரண்டாவது. அதே ஆடு, அதே சிறுநீரகம், அதே கரைசல், அதே முப்பத்தேழு. முதல் சுற்றில் அடர்ந்த ஊதா. இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு வெளுத்துப் போகிறது. கரைசலை மாற்றினாள். பிளேடை மாற்றினாள். கோவிந்தனை விட்டு வேறு கடைக்கு என்னை அனுப்பினாள். (கோவிந்தன் ஒரு வாரம் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.) எதுவும் மாறவில்லை. கடைசியில், பனியில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் செல் களைத்துவிடுகிறது என்று ஒரு முடிவுக்கு வந்து, அதை ஓர் அத்தியாயமாகவே எழுதத் தொடங்கிவிட்டாள்.

இப்போது தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி. அடுத்த அறையில் அவள் சீவிக்கொண்டோ நிறுத்துக்கொண்டோ இருப்பாள். அரைமணி நேரமும் தொட்டியைப் பார்த்துக்கொள்வதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை நோட்டில் எழுதுவதும் என் வேலை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஐப்பசி பிறந்தால் குளிர் எலும்பைத் தேடி வரும். என் வீட்டுக்காரி சரோஜா கேழ்வரகுக் களி கிண்டி, கீரைக் கடைசலோடு தூக்குப்போசியில் (தூக்குவாளிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) போட்டு அனுப்புவாள். மத்தியானத்துக்குள் அது விறைத்துப் பாறாங்கல் ஆகிவிடும். ஒருநாள் தொட்டியைப் பார்த்தேன். வெதுவெதுப்பான நீர், தாலாட்டும் ஆட்டம், ஒரு மூலையில் காலியிடம். மூடி இறுக்கமான போசிதானே என்று மெல்ல இறக்கினேன். ஒகேனக்கல் பரிசல் போல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அன்றைய களி வாயில் கரைந்தது. என் வாழ்நாளில் அறிவியலால் நேரடியாகப் பயன்பெற்றது அன்றுதான்.

நல்ல செய்தி நிற்குமா? நூலகத்து அக்காவின் போசி வந்தது. வாட்ச்மேனுடையது வந்தது. இயற்பியல் துறையிலிருந்து இரண்டு வந்தன. ஆக ஐந்து. தண்ணீர் விளிம்பைத் தொடும். ஒரு குவளை மொண்டு வெளியே ஊற்றுவேன். ஆய்வகத்துக்குள் சாப்பாடு வரவே கூடாது என்பது மேடத்தின் சட்டம். அதனால் ஒன்பது மணிச் சுற்றில் போடமாட்டேன். அப்போது அறையில் நடமாட்டம் இருக்கும். பதினொரு மணிக்கு வெண்ணிலா குடுவைகளை வைத்து, சூட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் ஐந்தையும் இறக்குவேன். அவள் திரும்பி வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு எடுத்துத் துண்டில் சுற்றி ஒளித்துவிடுவேன். அவள் வந்து பார்க்கும்போது தொட்டி கிட்டத்தட்டப் பழைய சூட்டுக்கு ஏறியிருக்கும்.

இடையில்? இடையில் இடம், வலம், இடம், வலம். தொட்டியின் ரீங்காரம். தண்ணீரிலிருந்து எழும் மெல்லிய ஆவி ஜன்னல் வெளிச்சத்தில் நூல் நூலாகப் பிரியும். ஜன்னலுக்கு அப்பால் மலை, மலைமேல் மேகம், மேகத்துக்குள் கொஞ்சம் நான். ஒருநாள் நானே ஒரு சீவலாகி வெதுவெதுப்பான நீரில் மிதந்தேன். சவ்வின் வாசலில் நின்ற கண்டக்டர் "உள்ள வாங்க சாமி" என்றார். அவ்வளவு பிரியமாக என்னை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை. விழிப்பு வந்ததும் நோட்டில் விட்டுப்போன கட்டங்களை நிரப்புவேன். 37, 37, 37, 37, 37. என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேடம் வெண்ணிலாவின் நோட்டை எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். இன்னொரு பக்கத்தில் வைத்தார்.

"வெண்ணிலா, சனிக்கிழமை ரெண்டாவது சுத்து வெளுக்கலையே."

"அது... தற்செயலா இருக்கும் மேடம்."

"அஞ்சு சனிக்கிழமையுமா?" நோட்டை மூடினார். "சனிக்கிழமையும் ரெண்டு மணி நேரம் ஐஸ்லதான இருந்துது? களைப்பு ஏன் வரல? சனிக்கிழம ஆட்டுக்குத் தனி குண்டிக்காயா?"

வெண்ணிலாவின் முகம் வாடியது. அத்தியாயம் அவள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. நானும் அவளோடு சேர்ந்து, உண்மையான வருத்தத்துடன், சனிக்கிழமை ஆடுகளைப் பற்றி யோசித்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

மறுநாள் ஞாயிறு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன். அண்டாவில் வெந்நீர். கை பொறுக்கவில்லை என்று ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். பொறுத்தது. இன்னொரு சொம்பு. வெதுவெதுப்பாயிற்று. மூன்றாவது சொம்பைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து போசி. விடியற்காலைக் குளிரில் நனைந்து வந்த ஐந்து களிப்போசி. சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் அரைநாள். அரைநாளுக்கு யாரும் சோறு கட்டிக்கொண்டு வருவதில்லை.

"என்னங்க, தண்ணி ஆறிப்போவுது. சொம்ப வச்சிக்கிட்டு செலையாட்டம் நிக்கறீங்க?" என்றாள் சரோஜா.

"கேடு பண்ணிட்டேன் சரோஜா."

"எண்ணெய் கண்ணுல போச்சா?"

"அந்தப் பொண்ணுக்கு."

அன்று முழுவதும் ஒரு கள்ளப் புத்தி என்னோடு பேசிக்கொண்டே இருந்தது. போசியை நிறுத்திவிடு, கணக்கு தானாக நேராகிவிடும், யாருக்கும் தெரியாது என்றது. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் நோட்டில் அத்தனை பக்கத்திலும் என் அழகான முப்பத்தேழு இருக்கிறதே! அதை நம்பி அவள் குழுவின் முன்னால் போய் நிற்பாள். அவர்கள் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டால் அவள் கதை அங்கேயே முடிந்தது. பிடிக்காவிட்டால் இன்னும் மோசம். எங்கோ யாரோ அவள் எழுதியதைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கும் சிறுநீரகத்தைக் களைத்துவிட்டது என்று குப்பையில் போடுவார்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த சனிக்கெழம விஷயங்க."

"சொல்லுங்க."

"சனிக்கெழம எனக்கு அரைநாளுங்க."

"தெரியும்."

"அரைநாள்னா சோறு கொண்டாற மாட்டேனுங்க."

மை புட்டியை மூடினார். நான் ஐந்து போசியையும் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன், வார்த்தையில். நூலகத்து அக்கா பெயரை மட்டும் சொல்லாமல் பார்த்தேன். பிறகு அதையும் சொல்லிவிட்டேன். முடித்ததும் மேடம் நோட்டை என் பக்கம் திருப்பி, ஒரு வரிசை முப்பத்தேழின்மேல் விரல் வைத்தார்.

"இது? பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"ரெண்டும் இல்லைங்க மேடம். தூங்கிட்டேன்."

எத்தனையோ வருடங்களில் அந்தக் கேள்விக்கு மூன்றாவது ஒரு பதில் கிடைத்தது அன்றுதான். அவர் மை புட்டியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"வெண்ணிலாகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"எத்தன நாளாண்ணா?"

"ஐப்பசி அடமழைலேர்ந்தும்மா."

ஈரக் கையைத் துடைக்காமலே என் பக்கம் திரும்பினாள். "நான் கடையச் சந்தேகப்பட்டேன். உப்பச் சந்தேகப்பட்டேன். என் கை சரியில்லையோன்னு ராவெல்லாம் அழுதேன்ணா. உங்கள மட்டும் சந்தேகப்படவே இல்ல."

என்னிடம் எந்த வேடிக்கையும் மிச்சமில்லாமல் போன இடம் அது. இன்று வரை அந்த இடத்தில் வைக்க ஒரு நல்ல நகைச்சுவையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.

நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, நான்காக மடித்து மேடத்திடம் நீட்டினேன். வாங்கி, பிரிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டார்.

"நீங்க சொன்னத அப்படியே நம்பினா, அதுவும் நெனப்புதான். நாளைக்கு அஞ்சு போசியும் கொண்டாங்க."

"மேடம்?"

"அதே ஆளுங்க, அதே சாப்பாடு. பதினொரு மணிக்கு."

மறுநாள் கல்லூரி வரலாற்றில் முதன்முறையாக ஐந்து தூக்குப்போசிகள் முறைப்படி ஆய்வகத்துக்குள் வந்தன. நூலகத்து அக்கா வாசலில் நின்று, "எம் பாத்திரம் பத்திரம் மாதையா" என்று கிசுகிசுத்தார். மேடம் கைக்குட்டையிலிருந்து சொந்தத் தெர்மாமீட்டரை எடுத்தார்.

"போசிக்குள்ள என்ன?"

"களிங்க மேடம். அக்காவோடதுல மட்டும் எலுமிச்சஞ் சோறு."

"எழுதுங்க."

எழுதினேன். ஐந்தையும் இறக்கினேன். வெண்ணிலா கடிகாரத்தைப் பார்க்க, மேடம் தொட்டியைப் பார்க்க, நான் எழுதினேன். முப்பத்தேழு. முப்பத்தொன்றரை. முப்பத்திரண்டரை. முப்பத்து நான்கு. சூடு படிப்படியாக, மூச்சு வாங்கி மலையேறுகிற கிழவனைப் போல ஏறிக்கொண்டிருந்தது. அந்த அரைமணி நேரத்தில் நான் கண்ணிமைக்கவில்லை. ஒரு தொட்டிக்குள் இவ்வளவு நடக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசியில் இரண்டு சோதனைக்குழாய்கள் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காலைச் சுற்றில் அடர்ந்த ஊதா. களிச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு வெளுத்தது. வெளிச்சம் இரண்டின் வழியாகவும் வந்து சுவரில் இரண்டு நிழல்களாக விழுந்தது. ஒன்று சாயங்கால வானம் போல, இன்னொன்று அது கலைந்தபிறகு. வெண்ணிலா வெளுத்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்ப செல் களைக்கல மேடம்."

"குளுந்துது. அவ்ளோதான்."

தண்டனை என்று ஒன்று இருந்தது. பழைய நோட்டில் நான் எழுதிய ஒவ்வொரு முப்பத்தேழையும் நானே அடிக்க வேண்டும். ஒரே கோடு, அடியில் இருப்பது தெரிய வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து. பாதிப் பக்கங்களுக்குமேல் என் கையெழுத்து அழகு குறைந்துவிட்டது. பிறகு மூன்று வாரம் இருந்தது, அத்தனை நாள் கணக்கையும் திரும்ப எடுக்க. கோவிந்தனிடம் திரும்பிப் போனேன்.

"என்ன சார், அந்தக் கடை குண்டிக்காய் சாப்பிடலியா?" என்றார்.

"உங்க கடை மேல தப்பில்லைங்க. தப்பு எங்கிட்ட."

"அது எனக்கு மொதல்லயே தெரியும்," என்று சொல்லி, நல்லதாக நான்கைப் பொறுக்கிப் போட்டார். ஒரு நாளைக்கு நான்கு சுற்று ஓட்டினோம். தொட்டியருகே நாற்காலியை எடுத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தேன். மத்தியானம் பாறாங்கல்லாக இருந்த களியைத் தின்றேன். அதற்கும் ஒரு ருசி இருக்கிறது, பல் மட்டும் இருக்க வேண்டும். முப்பத்தேழு, முப்பத்து நான்கு, முப்பத்தொன்று என்று சூட்டை வேண்டுமென்றே இறக்கி இறக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சத்து உள்ளே போகிறது என்று வெண்ணிலா கோடு வரைந்தாள். ஊதா படிப்படியாக இறங்கிய அந்தக் கோடு, களைப்பைப் பற்றி எழுதிய அத்தியாயம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

குழு கூடிய அன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் நோட்டைப் புரட்டி, அடிபட்ட பக்கங்களில் நின்றுவிட்டார். நான் தேநீர்த் தட்டோடு கதவருகே இருந்தேன். "இத்தனை பக்கம் ஏன் அடிச்சிருக்கு?" என்றார். தட்டை அருகிலிருந்த ஸ்டூலில் இறக்கிவைத்தேன். வெண்ணிலா ஒரு நிமிஷம் என் பக்கம் பார்த்தாள். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னாள், களியும் எலுமிச்சஞ் சோறும் உட்பட. அந்தப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பதிவு ரத்தாகவில்லை.

மேடத்திடம் ஒருநாள் கேட்டேன், என் கடிதத்தை மேலே அனுப்பவில்லையா என்று. "பிரிக்கலையே," என்றார். இழுப்பறையில் இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் வெண்ணிலாவின் ஆய்வேடு கெட்டி அட்டை போட்டு வந்தது. பச்சை அட்டை, பொன் எழுத்து. முதல் பிரதியை மேடத்துக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதைத் தொட்டியறைக்கு எடுத்துவந்தாள். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். எல்லாமே ஆங்கிலம், எனக்குப் படங்களும் கோடுகளும்தான் தெரிந்தன. நன்றி சொல்கிற பக்கம் முதலில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூச்சத்தை விட்டு அந்தப் பக்கத்தை விரலால் மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். அப்பா, அம்மா, மேடம், பஸ்ஸில் இடம் போட்டுத் தந்த தோழி வரைக்கும் இருப்பதாக அவளே படித்துக் காட்டினாள்.

"ஏம்மா வெண்ணிலா," என்றேன், சும்மா கேட்பதுபோல, "எம்பேரு எங்கயாச்சும் இருக்குதா?"

"பிழைகள் அத்தியாயத்துல இருக்கீங்கண்ணா."